நாடே கலங்கி நிக்கிறப்போ தலைவர் பேசுறாரு, அந்த "நாம"ல யாரெல்லாம் இருக்காங்க?

வைகைக்கரை_டீச்சர்:

வணக்கம். மதுரை பக்கம் ஒரு ஸ்கூல்ல தமிழ் எடுக்கிறேன், பேச்சுப் போட்டிக்கு பிள்ளைங்கள தயார் பண்றதும் நாந்தான். இந்த வருஷம் ப்ளஸ் ஒன் பிள்ளைங்களோட சேர்ந்து, பெரிய துயரம் நடந்த சமயத்துல தலைவருங்க பேசின பேச்சா தேடிப்பிடிச்சு கேட்டோம். காந்திய சுட்ட அன்னிக்கு ராத்திரி, 1948 ஜனவரி 30, நேரு ரேடியோல பேசினது. 2019 மார்ச்ல நியூசிலாந்து கிறைஸ்ட்சர்ச்ல ரெண்டு தொழுகை இடத்துல 51 பேர சுட்டுக் கொன்ன அப்புறம் அப்ப அந்த நாட்டு பிரதமரா இருந்த ஜெசிந்தா ஆர்டன் பேசினது. கொரோனா ஆரம்பத்துல ஜெர்மனில அப்ப ஆட்சித்தலைவரா இருந்த மெர்க்கல் டிவில பேசினது. இப்படி அஞ்சாறு.

எல்லாம் கேட்டு முடிச்சதும் ஒரு பொண்ணு எந்திரிச்சு கேட்டா, "மிஸ், எல்லாருமே ஒற்றுமையா இருங்க, தைரியமா இருங்க, நம்ம மண்ணு அப்படிப்பட்ட மண்ணு இல்லன்னு ஒரே விஷயத்தத்தான சொல்றாங்க, அப்புறம் ஏன் சிலத மட்டும் எழுபது வருஷம் கழிச்சும் கேக்கறோம், மீதிய அடுத்த வாரமே மறந்துடறோம்?" எனக்கு அங்கயே பதில் சொல்ல வரல, நாளைக்கு சொல்றேன்மான்னு சொல்லிட்டு வந்துட்டேன், மூணு நாளாச்சு.

பேச்சுத்திறமைதான் காரணம்னு சொல்ல மனசு வரல, ஏன்னா நேரு அன்னிக்கு மேடைப்பேச்சு பேசல, "உங்ககிட்ட என்ன சொல்றது, எப்படி சொல்றதுன்னே தெரியல"ன்னுதான் ஆரம்பிக்கிறாரு, குரல் உடையுது. எனக்கு தோணுறது ஒண்ணு. ஆர்டன் செத்துப்போனவங்கள பத்தி சொன்னது இங்கிலீஷ்ல மூணே வார்த்தை, "They are us", பிள்ளைங்கள விட்டு தமிழ்ல எழுத சொன்னேன், பாதி பேரு "அவர்கள்தான் நாம்"னு எழுதினாங்க, நாலஞ்சு பேரு "அவர்கள்தான் நாங்கள்"னு எழுதிட்டாங்க. அங்கதான் நின்னு யோசிச்சோம். இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் ஒரே வார்த்தை, தமிழ்ல கேக்கறவன உள்ள சேக்கறதா வெளிய நிறுத்தறதான்னு முடிவு பண்ணாம வாயத் தொறக்கவே முடியாது. எல்லாருக்கும் பொதுவான நல்லதுன்னு ஒரு தலைவர் பேசும்போது அந்த "எல்லாரும்" யாருங்கறதுதான் விஷயமோ? இல்ல வேற ஏதாவதா? படிச்சவங்க, அனுபவப்பட்டவங்க கொஞ்சம் சொல்லுங்க, பிள்ளைங்களுக்கு நேர்மையா ஒரு பதில் சொல்லணும்.

பழைய_வால்வுரேடியோ:

டீச்சரம்மா, நேருவோட ரெண்டு பேச்ச பக்கத்துல பக்கத்துல வெச்சு பாருங்க, உங்க கேள்விக்கு பாதி பதில் அதுலயே இருக்கு. ஒரே ஆளு, 14 வருஷ இடைவெளி.

மொதல்ல 1948. பிரிவினை நடந்து அஞ்சு மாசம்தான் ஆகுது, டெல்லி பூரா அகதிங்க, எவன் சுட்டான்னு தெரியறதுக்குள்ள ஊரு பத்திக்கும்னு எல்லாருக்கும் பயம். அந்த நேரத்துல பிரதமரா இருக்கறவரு கோவத்த யார் மேலயாவது திருப்பி விடறது ரொம்ப சுலபம். நேரு என்ன பண்றாரு, நம்ம வாழ்க்கைல இருந்து ஒளி போயிருச்சு, எங்கயும் இருட்டுன்னு சொல்லிட்டு, கொஞ்சம் போயி தானே தன்ன திருத்திக்கிறாரு. ஒளி போச்சுன்னு சொன்னேன், அது தப்பு, அது சாதாரண ஒளி இல்ல, ஆயிரம் வருஷம் கழிச்சும் தெரியும்னு. அத எல்லாரும் மேற்கோள் காட்டுவாங்க, சரிதான். ஆனா எனக்கு அதுக்கு அப்புறம் வர்ற பகுதிதான் பெருசு. சுட்டவன பைத்தியக்காரன்னு மட்டும் சொல்றாரு, உடனே இந்த நாட்டுல சில வருஷமா விஷம் பரவியிருக்கு, அது ஜனங்க மனசுல ஏறியிருக்குன்னு சொல்றாரு. அந்த விஷத்த வேரோட எடுக்கணும், ஆனா வெறியோட இல்ல, நம்ம ஆசான் சொல்லிக்குடுத்த வழில எடுக்கணும், கோவம் வந்துச்சுங்கறதுக்காக நம்மள்ல ஒருத்தனும் தப்பா நடந்துக்கக் கூடாதுங்கறாரு. கவனிங்க, எதிரின்னு வெளிய ஒரு ஆள காட்டவே இல்ல, நோய் நமக்குள்ள இருக்கு, மருந்தும் நமக்குள்ளயே இருந்தவர் குடுத்ததுதான்னு சொல்றாரு. காந்தியோட வழிங்கறது அன்னிக்கு காங்கிரஸ்காரன், காங்கிரஸ் பிடிக்காதவன், இந்து, முஸ்லிம், சீக்கியர் எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரே பொதுச்சொத்து, அதத்தான் கைல எடுக்கிறாரு.

இன்னொண்ணு, அழுதுட்டு மட்டும் போகல. நாளைக்கு ஊர்வலம் எத்தன மணிக்கு கிளம்பும், எந்த வழியா போகும், நீங்க வழில நில்லுங்க, வீட்டு வாசல்ல வந்து கூடாதீங்க, அமைதியா இருங்க, டெல்லிக்கு வர முடியாதவங்க அவங்கவங்க ஊர்ல ஆத்தங்கரைக்கோ கடற்கரைக்கோ போயி சாயங்காலம் பிரார்த்தன பண்ணுங்கன்னு ஒவ்வொண்ணா சொல்றாரு. உடம்ப பதப்படுத்தி சில நாள் வெக்கலாம்னு சிலர் கேட்டிருக்காங்க, அது அவருக்கு பிடிக்காது, அதனால இல்லன்னும் சொல்றாரு. ஒரு வீட்ல பெரியவர் போயிட்டா மூத்த மகன் வாசல்ல நின்னு வந்தவங்ககிட்ட சொல்ற மாதிரியே இருக்கும். கைய பிசைஞ்சுட்டு நிக்கிறவங்களுக்கு செய்யறதுக்கு ஒரு வேலை குடுக்கறது எவ்வளவு பெரிய விஷயம்னு சாவு வீட்ல நின்னவங்களுக்கு தெரியும்.

இதையும் பிள்ளைங்ககிட்ட சொல்லுங்க, மறைக்க வேணாம்: அந்த பேச்சாலயும் எல்லாத்தையும் தடுக்க முடியல. கொலைகாரன் யாருன்னு தெரிஞ்சதும் மகாராஷ்டிராவுல அவன் சாதிக்காரங்க வீடுங்கள எரிச்சாங்க, ஆளுங்க செத்தாங்க. பேச்சு மந்திரம் இல்ல.

இப்ப 1962 நவம்பர் 19. சீனப்படை உள்ள வருது, வடகிழக்கு எல்லைப் பக்கம் போம்டிலா ஊரு விழுந்துருச்சு, அசாம்ல தேஜ்பூர்ல ஜனங்க கிடைச்சத எடுத்துக்கிட்டு ஆத்த தாண்டி ஓடறாங்க. நேரு ரேடியோல பேசுறாரு. படையெடுத்து வந்தவன வெளியேத்தற வரைக்கும் ஓயமாட்டோம்னும் அதுல சொன்னாரு, அத இல்லன்னு சொல்லக்கூடாது. ஆனா அசாம்காரங்க காதுல விழுந்தது ஒரே வரி, அசாம் மக்கள நினைச்சா என் மனசு அவங்க பக்கமா போகுதுங்கற மாதிரி ஒண்ணு சொன்னாரு பாருங்க, அதுதான். நல்ல எண்ணத்துலதான் சொல்லியிருப்பாரு. ஆனா அங்க ரேடியோ முன்னாடி உக்காந்திருந்தவனுக்கு அது எப்படி கேட்டுச்சு? போயிட்டு வாங்கன்னு வழியனுப்பற மாதிரி கேட்டுச்சு. இன்னிக்கு வரைக்கும் அங்க அத சொல்லி வருத்தப்படறாங்க. டீச்சரம்மா சொன்ன கணக்குதான், 1948ல துக்கம் "நம்ம" துக்கம், 1962ல அந்த ஒரு வரில அசாம் "அவங்க" ஆயிட்டாங்க. டெல்லில இருக்கறவங்ககிட்ட அசாம பத்தி பேசின மாதிரி ஆயிருச்சு, அசாம்காரன்கிட்ட பேசின மாதிரி இல்ல. ரெண்டு நாள்ல சீனா போர்நிறுத்தம்னு அறிவிச்சுது, படை திரும்பிப் போச்சு, அந்த வரி மட்டும் போகல.

பனங்கூடல்:

டீச்சர், நான் யாழ்ப்பாணம், இப்ப வேற நாட்டில இருக்கிறன். உங்கட நாம், நாங்கள் கதை எனக்கு நல்லாப் பிடிச்சுது, ஆனா எங்கட பேச்சில ரெண்டுக்கும் நாங்கள் எண்டுதான் சொல்லுவம், நாம் எண்டுறது எழுத்தில மட்டும்தான். அதால எங்களுக்கு ஆர் உள்ளுக்கு ஆர் வெளியில எண்டு சொல்லைப் பாத்து விளங்காது, சொல்லுறவரின்ர முகத்தைப் பாத்துத்தான் விளங்கும்.

1983 ஆடி, அதாவது ஜூலை. 23ஆம் திகதி இரவு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில 13 ஆமிக்காரர் செத்தவை, அடுத்த நாளில இருந்து கொழும்பு எரிஞ்சது. எங்கட அம்மா அப்ப கொழும்பு வெள்ளவத்தையில வாடகை வீட்டில, அக்காவுக்கு ஒரு வயசு. பக்கத்து வீட்டு சிங்களக் குடும்பம்தான் ரெண்டு நாள் தங்கட அறைக்குள்ள வச்சுக் காப்பாத்தினது, பிறகு இரத்மலானை விமானநிலையத்து ஹேங்கர், அங்க இருந்து கப்பலில ஊருக்கு. அம்மா எப்பவும் சொல்லுறது ஒண்டு. அந்த நாலைஞ்சு நாளும் ஜனாதிபதி வந்து ஒரு வார்த்தை கதைப்பார், கதைச்சா இது நிக்கும் எண்டு எல்லாரும் றேடியோவுக்குக் கிட்ட இருந்தவையாம். பெரிசா ஒண்டும் எதிர்பார்க்கேல்ல. இதுகளும் என்ர சனம்தான், கை வைக்காதையுங்கோ எண்டு ஒரு வசனம். அவ்வளவுதான்.

ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்த்தனா 28ஆம் திகதி தான் நாட்டு மக்களுக்கு எண்டு கதைச்சார். சிங்கள மக்களின்ர கோபத்தைப் பற்றிச் சொன்னார், பிரிவினை கேக்கிறதைத் தடை செய்யிற சட்டம் கொண்டு வாறன் எண்டு சொன்னார், அது ஓகஸ்டில அரசியலமைப்பின்ர ஆறாவது திருத்தம் எண்டு வந்தும் விட்டுது. செத்த தமிழ்ச் சனத்துக்கு, எரிஞ்ச வீடுகளுக்கு ஒரு அனுதாப வார்த்தை இல்லை. நீங்கள் கேட்டீங்கள் எல்லாத் தலைவரும் ஒண்டைத்தானே சொல்லுகினம் எண்டு. இல்லை டீச்சர். சொல்லாமல் விட்டவையும் இருக்கினம். சொல்லாமல் விட்டதாலதான் எங்களுக்கு அந்தச் சொல்லின்ர பெறுமதி தெரியும்.

மற்றது 2009 மே 19, போர் முடிஞ்சது எண்டு மகிந்த ராஜபக்ச பாராளுமன்றத்தில கதைச்சது. கொஞ்ச நேரம் தமிழிலயும் கதைச்சார். இனிமேல் சிறுபான்மை எண்ட சொல்லே எங்கட அகராதியில இல்லை, இந்த நாட்டில ரெண்டே ரெண்டு சாதி ஆக்கள், நாட்டை நேசிக்கிறவையும் நேசிக்காதவையும் எண்டார். கேக்க எவ்வளவு வடிவான வசனம். பொதுவான பெறுமானம் எண்டு பாத்தா இதை விடப் பொதுவா ஒண்டும் இல்லை, நாட்டுப்பற்று. ஆனா அந்த நேரம் முள்ளிவாய்க்காலில இருந்து வந்த சனம் லட்சக்கணக்கில முட்கம்பிக்குள்ள மெனிக்பாம் எண்ட முகாமில இருந்தது. நாட்டை நேசிக்கிறியா எண்டு ஆர் ஆரைக் கேக்கிறது, ஆர் அளக்கிறது? பிள்ளையைப் பறிகுடுத்த தாய் அழுதா அது எந்தப் பக்கம் சேரும்? ஆகலும் அகலமா வாசலைத் துறந்து வச்சிட்டு வாசலில நிண்டு சோதிக்கிற மாதிரி. அதால பிள்ளையளுக்கு இதையும் சொல்லிக் குடுங்கோ, எல்லாரும் ஒண்டு எண்டு சொல்லுற பேச்சைக் கேட்டா, அப்ப எனக்கு நடந்ததைச் சொல்ல இடம் இருக்கோ எண்டு கேட்டுப் பாக்கச் சொல்லுங்கோ.

கிழக்குச்சந்து:

பனங்கூடல் அக்கா எழுதினத படிச்சுட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் எழுத முடியல. நீங்க கேட்ட அந்த ஒரு வசனத்த வேற ஒரு நாட்டுல ஒருத்தர் சொன்னாரு, அத சொல்லணும்னு தோணுது.

1993 ஏப்ரல் 10, தென்னாப்பிரிக்கா. கிறிஸ் ஹானின்னு கம்யூனிஸ்ட் கட்சி பொதுச்செயலாளர், கறுப்பின இளைஞர்கள் மத்தியில மண்டேலாவுக்கு அடுத்து அவருதான்னு சொல்லலாம், அவர வீட்டு வாசல்லயே ஒரு வெள்ளைக்காரன் சுட்டுட்டான். அப்ப இன்னும் தேர்தல் நடக்கல, பேச்சுவார்த்தை இழுத்துட்டு இருக்கு, டி கிளர்க்தான் அதிபர், மண்டேலா எந்த அரசு பதவிலயும் இல்ல. நாடு உள்நாட்டுப் போருக்கு போயிரும்னு எல்லாரும் நினைச்ச நேரம். டிவில பேச வந்தது டி கிளர்க் இல்ல, மண்டேலா. கறுப்பர் வெள்ளையர் எல்லாரையும் நோக்கி பேசறேன்னு ஆரம்பிச்சு அவர் சொன்னது இதுதான்: வெறுப்பு நிறைஞ்ச ஒரு வெள்ளைக்காரன் நம்ம நாட்டுக்கு வந்து இந்த கொடுமைய செஞ்சான், ஆஃப்ரிகானர் இனத்துல பொறந்த ஒரு வெள்ளைக்காரப் பொண்ணு தன் உயிர பணயம் வெச்சு, அந்த கொலைகாரன நாம பிடிச்சு சட்டத்து முன்னாடி நிறுத்த உதவினா. கொலைகாரன் போலந்துல இருந்து குடியேறினவன். அந்தம்மா ஹானியோட பக்கத்து வீட்டுக்காரங்க, காரு நம்பர பாத்து போலீசுக்கு சொன்னவங்க.

இதுல உண்மைய ஒரு எழுத்து கூட மாத்தல அவரு. எந்த உண்மைய பக்கத்துல எத வெச்சு சொல்லணும்னு மட்டும் தேர்ந்தெடுத்தாரு. கோவத்துல கொதிக்கிற தன் சொந்த ஜனங்ககிட்ட, நீங்க வெறுக்கற இனத்துல இருந்துதான் நமக்கு சாட்சியும் வந்துச்சுன்னு சொல்றதுக்கு எவ்வளவு தைரியம் வேணும். கூட்டத்துல கூச்சல் போட்டு கைதட்டு வாங்கறது ரொம்ப லேசு. அதுக்கப்புறமும் கலவரம் நடந்துச்சு, சிலர் செத்தாங்க, ஆனா பயந்த அளவுக்கு நாடு எரியல, ரெண்டு மாசத்துல தேர்தல் தேதி முடிவாச்சு, 1994 ஏப்ரல் 27ல ஓட்டு போட்டாங்க.

எனக்கு இதுல புரிஞ்சது என்னன்னா டீச்சர், நல்ல விழுமியம்னு நாம சொல்றத எதிரிக்கு உபதேசமா சொன்னா ஒரு எடையும் இல்ல, சொந்த ஆளுங்ககிட்ட அவங்களுக்கு கசக்கற மாதிரி சொல்லும்போதுதான் எடை வருது. சுட்டுக் கொன்னாங்களே அமெரிக்க அதிபர் ஜான் கென்னடி, அவர் தம்பி ராபர்ட் கென்னடியும் அப்படித்தான். 1968 ஏப்ரல் 4, மார்ட்டின் லூதர் கிங்க சுட்ட அன்னிக்கு ராத்திரி இண்டியானாபொலிஸ்ல தேர்தல் கூட்டம், பெரும்பாலும் கறுப்பின மக்கள், நெறைய பேருக்கு கிங் செத்ததே தெரியாது. போகாதீங்க, எங்களால பாதுகாப்பு தர முடியாதுன்னு போலீஸ் சொல்லியும் போயி, லாரி மேல நின்னு அவர்தான் சொல்றாரு. வெள்ளைக்காரன் கொன்னுட்டான்னு வெறுப்பு வர்றது எனக்கு புரியுது, என் குடும்பத்துலயும் ஒருத்தர கொன்னாங்க, அவர கொன்னதும் ஒரு வெள்ளைக்காரன்தான்னு. அஞ்சு, ஆறு நிமிஷம்தான். அடுத்த சில நாள்ல நூத்துக்கும் மேல ஊருங்க எரிஞ்சுது, இண்டியானாபொலிஸ் எரியல. அந்த பேச்சு மட்டும்தான் காரணம்னு நான் சொல்லல, அந்த ஊர்ல அந்த ராத்திரி ஜனங்கள அமைதிப்படுத்தி வீட்டுக்கு அனுப்பின உள்ளூர் ஆளுங்க உண்டு. ரெண்டு மாசத்துல கென்னடியையும் சுட்டாங்க.

நம்ம ஊர்லயே பாருங்க, 1962ல சீனப் போர் வந்தப்போ திராவிட நாடு கேட்டுட்டு இருந்த அண்ணா போர் முயற்சிக்கு ஆதரவுன்னு அறிவிச்சாரு, 1963ல அந்த கோரிக்கையையே கைவிட்டாரு. வீடு இருந்தாத்தான் ஓடு மாத்த முடியும்னு சொன்னது இன்னிக்கும் எல்லாரும் சொல்ற வாக்கியம். பிரிவினைய தடுக்க சட்டத்திருத்தம் வந்ததும் அதுக்கு ஒரு காரணம், அதையும் சேர்த்துத்தான் பாக்கணும். ஆனா அந்த கனவுக்காகவே கட்சிக்கு வந்த இளைஞருங்க முகத்த பாத்து அத சொன்னாரு இல்ல, அதுக்கு அவர் குடுத்த விலை சின்னது இல்ல.

வரவுசெலவு:

நான் கொஞ்சம் மாறுபடறேன். உணர்ச்சி, விழுமியம் எல்லாம் சரி, பயத்துல இருக்கறவனுக்கு மொதல்ல வேண்டியது விவரம். விவரம் சொல்லாம ஒற்றுமை, தியாகம்னு பேசினா அது ஜனங்கள சின்னப்பிள்ளையா நடத்தற மாதிரி.

1933 மார்ச் 12, ஞாயித்துக்கிழமை ராத்திரி, ரூஸ்வெல்ட் ரேடியோல பேசினத கேளுங்க. அமெரிக்கா பூரா ஜனங்க பேங்க்ல இருந்து பணத்த எடுக்க முண்டியடிச்சு, பேங்குங்க மூடிக் கிடக்கு. அவரு பதவிக்கு வந்து எட்டு நாள்தான். தேசபக்தி, கொடின்னு ஆரம்பிக்கல. பேங்க் எப்படி வேலை செய்யுதுன்னு பாடம் எடுக்கறாரு. நீங்க போடற பணத்த பெட்டில பூட்டி வெக்கறதில்ல, கடனா முதலீடா வெளிய போயிருக்கும், எல்லாரும் ஒரே நாள்ல கேட்டா எவ்வளவு நல்ல பேங்க்காலயும் குடுக்க முடியாது, அதனால மூடினோம், நாளைக்கு இந்தந்த ஊர்ல தொறக்கும், அதுக்கு மறுநாள் இந்தந்த ஊர்லன்னு. மெத்தைக்கு அடில வெக்கறத விட தொறந்த பேங்க்ல போடறது பத்திரம்னு சொன்னாரு. இத்தனையும் சொல்லிட்டு கடைசிலதான், பணத்த விட முக்கியமானது ஒண்ணு இருக்கு, அது ஜனங்களோட நம்பிக்கை, இது எனக்கு எவ்வளவு பிரச்சனையோ அவ்வளவு உங்களுக்கும் பிரச்சனை, சேர்ந்து நின்னா தோக்கமாட்டோம்னாரு. மறுநாள் பேங்க் வாசல்ல வரிசை நின்னுச்சு, பணம் எடுக்க இல்ல, திருப்பி போட. விவரம் மொதல்ல, விழுமியம் அதுக்கு மேல. அடியில சோறு இல்லாம ரசம் மட்டும் ஊத்தினா எப்படி.

மெர்க்கல் 2020 மார்ச் 18ல பேசினதும் இதே வகை. நிலைமை சீரியஸ், நீங்களும் சீரியஸா எடுத்துக்கோங்கன்னு நேரா சொல்லிட்டு, நடமாட்டத்த கட்டுப்படுத்தறது எவ்வளவு பெரிய விஷயம்னு போராடி அந்த உரிமைய வாங்கின என்ன மாதிரி ஆளுக்கு தெரியும், அவசியம் இருந்தா மட்டும்தான், அதுவும் தற்காலிகமாத்தான்னு சொன்னாங்க. கிழக்கு ஜெர்மனில வளர்ந்தவங்க அவங்க, சுவர் இருந்த காலத்துல வாழ்ந்தவங்க. சூப்பர் மார்க்கெட்ல பில் போடறவங்களுக்கும் சாமான் அடுக்கறவங்களுக்கும் தனியா குறிப்பிட்டு நன்றி சொன்னதும் அதே பேச்சுலதான்.

ஆனா ரூஸ்வெல்ட் கதைய அங்கயே நிறுத்தினா நான் நேர்மையானவன் இல்ல. அதே ரூஸ்வெல்ட் 1941 ஜனவரில நாலு சுதந்திரம்னு பேசினாரு, பேச, வழிபட, வறுமை இல்லாம, பயம் இல்லாம வாழன்னு, உலகத்துல எல்லா இடத்துலயும்னு. 1942 பிப்ரவரி 19ல ஒரு கையெழுத்து போட்டாரு, சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளி ஆளுங்கள வீட்ட விட்டு கிளப்பி முகாம்ல அடைச்சாங்க, அதுல முக்கால்வாசி பேரு இல்லன்னாலும் பெரும்பான்மை அமெரிக்காலயே பொறந்த குடிமக்கள். பயம் இல்லாத வாழ்க்கைன்னு சொன்னவரோட "நாம"ல அவங்க இல்ல. அதனால பனங்கூடல் சொன்ன கேள்விக்கே திரும்ப வந்து நிக்கறேன், அத ஒத்துக்கறேன்.

ராட்டினம்_62:

எல்லாரும் பெரிய பெரிய பேச்ச சொல்றீங்க, எனக்கு சாஸ்திரிதான் ஞாபகம் வர்றாரு. 1965, பாகிஸ்தானோட சண்டை, மழையும் இல்ல, அமெரிக்காவுல இருந்து வர்ற கோதுமைய நம்பி இருந்த காலம். வாரத்துல ஒரு வேளை, திங்கக்கிழமை ராத்திரி சாப்பாட்ட விட்டுடுங்கன்னு கேட்டாரு. மொதல்ல தன் வீட்ல பிள்ளைங்களால முடியுதான்னு பாத்துட்டுத்தான் நாட்டுக்கிட்ட கேட்டாருன்னு சொல்வாங்க. எங்க அப்பா கும்பகோணத்துல ஓட்டல்ல சப்ளையரா இருந்தாரு, திங்கக்கிழமை ராத்திரி அடுப்பு பத்த வெக்கமாட்டாங்களாம், முதலாளிக்கு நஷ்டம்தான், முகம் சுளிக்கலையாம்.

பிரதமர் சொன்னா மட்டும் ஜனங்க பட்டினி கிடந்துடுவாங்களா? விரதம்ங்கறது நம்ம எல்லார் வீட்லயும் இருக்கு, வெள்ளிக்கிழமை, ஏகாதசி, கிருத்திகை, நோன்பு, தவக்காலம், எந்த மதம் ஆனாலும் வயித்த காயப்போட்டு ஒண்ண வேண்டிக்கறது தெரியும். அவர் புதுசா எதையும் போதிக்கல, ஏற்கனவே வீட்ல இருந்த பழக்கத்த நாட்டுக்காக ஒரு நாள் குடுங்கன்னாரு. கேட்டது சின்னது, ஏழையும் செய்யலாம் பணக்காரனும் செய்யலாம். ஏற்கனவே ஒரு வேளைதான் சாப்பிடறவங்ககிட்ட இத கேக்கலாமான்னு எனக்கு ஒரு உறுத்தல் எப்பவும் உண்டு, அப்பாகிட்ட கேட்டிருக்கேன், அவரு பதில் சொல்லல.

தேக்கா_வாசி:

சிங்கப்பூர்ல இருந்து ஒண்ணு சேத்துக்கறேன். 1965 ஆகஸ்ட் 9, மலேசியாவ விட்டு பிரிஞ்ச அன்னிக்கு லீ குவான் யூ பத்திரிகையாளர்கள் முன்னாடி அழுததத்தான் எல்லாரும் காட்டுவாங்க. அதே நாள்ல அவர் சொன்ன இன்னொண்ணுதான் எங்க தாத்தா காலத்து ஆளுங்களுக்கு முக்கியம். இது மலாய்க்காரர் நாடு இல்ல, சீனர் நாடு இல்ல, இந்தியர் நாடு இல்ல, எல்லாருக்கும் அவங்கவங்க இடம் இருக்கும், மொழி, பண்பாடு, மதம் எல்லாம் சமம்னாரு. முந்தின வருஷம் 1964ல ரெண்டு தடவ இனக்கலவரம் நடந்த ஊரு. நாட்டுல முக்கால்வாசி பேரு சீனர், அவரும் சீனர், அவர் வாயால "சீனர் நாடு இல்ல"ன்னு வரணும், அதுதான் வேணும். கிழக்குச்சந்து சொன்ன மாதிரி சொந்த ஆளுங்ககிட்ட சொல்றது.

அதோட நிக்கல, தமிழ் இன்னிக்கும் ஆட்சிமொழியா இருக்கு, காசு, எம்ஆர்டி ரயில் ஸ்டேஷன் அறிவிப்பு எல்லாத்துலயும் பாக்கலாம். அவரோட மத்த விஷயங்கள்ல, எதிர்க்கட்சிக்காரங்கள விசாரணை இல்லாம அடைச்சதுல, எனக்கு உடன்பாடு இல்ல. ஆனா அந்த ஒரு வாக்கியத்த நம்பலாமான்னு கேட்டா, பேச்ச கேட்டு இல்ல, ஸ்டேஷன் போர்ட பாத்துத்தான் நம்பினோம்.

வைகைக்கரை_டீச்சர்:

எல்லாருக்கும் நன்றி. இன்னிக்கு வகுப்புல இதுல பாதிய சொன்னேன். நேருவோட ரெண்டு பேச்சையும் போர்டுல ரெண்டு பக்கமா எழுதி, "யாரு யார்கிட்ட பேசறாங்க, யார பத்தி பேசறாங்க"ன்னு கோடு போட சொன்னேன். கேள்வி கேட்டாளே அந்த பொண்ணு, அசாம் வரிய திருத்தி எழுதிட்டு வந்தா, "அசாமில் இருக்கும் நம் வீட்டாரே, இதை உங்களிடம் சொல்கிறேன்"னு. பிரதமர் அப்படி சொல்லியிருந்தா மட்டும் படை நின்னிருக்காது மிஸ், ஆனா அவங்க இன்னிக்கும் வருத்தப்பட்டிருக்க மாட்டாங்கன்னு சொன்னா. ஆர்டன் பேச்சுலயும் ஒண்ண அவளே கண்டுபிடிச்சா, "அவர்கள்தான் நாம்"னு சொன்ன கையோட, சுட்டவன் நம்மள்ல ஒருத்தன் இல்லன்னும் சொல்றாங்க மிஸ், அப்ப எல்லாரையும் சேக்கல, ஒருத்தன வெளிய நிறுத்தியிருக்காங்கன்னு. மதத்த வெச்சோ நிறத்த வெச்சோ நிறுத்தல, செஞ்ச காரியத்த வெச்சு நிறுத்தினாங்கன்னு இன்னொரு பையன் சொன்னான். அதுக்கப்புறம் பத்து நிமிஷம் நான் பேசவே தேவைப்படல. பேச்சோட நிக்காம ஒரு மாசத்துக்குள்ள, ஏப்ரல் 10, துப்பாக்கி சட்டத்த 119க்கு 1ன்னு நிறைவேத்தினதையும் சொன்னேன், தேக்கா_வாசி சொன்ன ஸ்டேஷன் போர்டு கணக்குதான் அது.

வரவுசெலவு சார், உங்க சோறு ரசம் பிள்ளைங்களுக்கு ரொம்ப பிடிச்சுப் போச்சு.

பனங்கூடல், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். உங்க அம்மா ரேடியோ பக்கத்துல உக்காந்து காத்திருந்தத வகுப்புல சொல்லலாமா? பேர், ஊர் எதுவும் சொல்லமாட்டேன். நீங்க வேணாம்னா சொல்லல.

பனங்கூடல்:

சொல்லுங்கோ டீச்சர். இரவு அம்மாவோட கதைக்கேக்க கேட்டனான். சொல்லட்டும் எண்டவ. பக்கத்து வீட்டு ஆக்களையும் மறக்காமல் சொல்லச் சொன்னவ, அந்த அம்மா அக்காவுக்கு எண்டு பால்மா கரைச்சுக் கொண்டு வந்து கதவுக்குக் கீழால வச்சிட்டுப் போனவவாம், ஒரு வார்த்தையும் கதைக்காமல், வெளியில ஆக்கள் நிண்டபடியால்.